நான் நின்றால் அணைந்துவிடும் கணினி

2025 மார்ச் 12, புதன்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதை ஒரு பெட்டிக்கு மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய நிலைமையை நோக்கி நான் நகரத் தொடங்கியது அந்த நேரத்தில்தான். மணியை இவ்வளவு திருத்தமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விழுப்புரத்தில் எங்கள் கல்லூரி விடுதியின் வாசிப்பறையில், சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே அமர்வது என் வழக்கம். அங்கே அமர்ந்தால் எல்லாரும் நம் பக்கம் பார்ப்பார்கள். ஆனால் நம்மைப் பார்க்க மாட்டார்கள். அன்று என் கைபேசி ஒலித்ததும் அறையிலிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்து, பிறகு பார்வையைத் தாழ்த்தி, ‘இவள் எப்போது வந்தாள்?’ என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். வேறு வழி தெரியாமல் நானும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

என் பெயர் தேன்மொழி. முதுகலைத் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மொழி குறைவு. அசைவு அதைவிடக் குறைவு. நான் எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ என்று சொன்ன பிறகும் எனக்கு ‘வரவில்லை’ என்று குறித்துக்கொண்ட பேராசிரியர் உண்டு. நான் உள்ளே இருக்கும்போதே விளக்கை அணைத்து நூலகத்தைப் பூட்டிய ஊழியரும் உண்டு. (அவரைக் குறை சொல்ல முடியாது. ‘உள்ள யாருனா இருக்கீங்களா?’ என்று கேட்டுவிட்டுத்தான் பூட்டினார். பதிலுக்கு ஏற்ற சொற்றொடரை நான் மனத்துக்குள் அமைத்துக்கொண்டிருந்தபோது பூட்டு விழுந்துவிட்டது.)

என் உறவினர்கள் இப்படிப்பட்டவர்கள் அல்லர். குறிப்பாகத் திண்டிவனத்தில் இருக்கும் பெரியப்பா குடும்பத்தார். அவர்களுக்குப் பேச்சு என்பது பாதி வாயிலும் மீதி தோளுக்குக் கீழும் நடப்பது. பெரியம்மா பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை விவரிக்கத் தொடங்கினால், கேட்பவர்கள் முதலில் தங்கள் காப்பி டம்ளரைப் பாதுகாப்பான தூரத்துக்கு நகர்த்திக்கொள்வார்கள். பெரியப்பா வீட்டோடு சேர்த்தே மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். (வெளியூரார் நிலக்கடலை என்பார்கள்.) அவர் தொலைபேசியில் விலை பேசுவதைத் தெருவில் நின்று பார்ப்பவர்கள் அவர் யாரையோ அடிக்கிறார் என்றே நினைப்பார்கள்.

அன்று தொலைபேசியில் அழைத்தது அவர்களுடைய ஒரே மகள், என் ரேவதி அக்கா. மின்னணுவியல் படித்துவிட்டு, மண்டியின் பின்னறையில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு, கணினிகள் மின்சாரத்தை வீணாக்காமல் இருக்க வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். அதுவரை மூன்று கண்டுபிடிப்புகள். முதலாவது, கணினியின் சூட்டுக்கு ஏற்பத் தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் விசிறி. அது குறைத்துக்கொள்வதில் காட்டிய ஆர்வத்தைக் கூட்டுவதில் காட்டவில்லை. பெரியம்மா கணினிப் பெட்டியின்மேல் அப்பளம் காயவைக்கத் தொடங்கியதும் அது கைவிடப்பட்டது. இரண்டாவது, மின்சாரம் தடைப்படப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, வேலையைச் சேமித்துவிட்டுக் கணினியை முறையாக நிறுத்தும் கருவி. அருமையான கருவி. ஆனால் எதிர்வீட்டில் கிரைண்டர் போட்டாலே அது உலகம் முடியப்போவதாக எண்ணிக்கொண்டது.

மூன்றாவது கண்டுபிடிப்புதான் இந்தக் கதை.

“தேனு, வெள்ளிக்கெழம இன்னா பண்ற?” என்றாள் அக்கா.

“வகுப்பு இருக்குக்கா.”

“லீவு போட்டுடு. அங்க ஒரு காலேஜ்ல கண்டுபுடிப்புக் கண்காட்சி வெக்கிறாங்க. புடிச்சிருந்தா அவங்க லேப்லயே மூணு மாசம் வெச்சி ஓட்டிப் பாப்பாங்களாம். நம்ம பொட்டியக் கொண்டாரன். நீதான் பேசற.”

“நானா?”

“ஸ்கூல் புள்ளைங்க வர்றாங்களாம், தமிழ்லதான் வெளக்கணுமாம். நான் பேசனா பாதி இங்கிலீஷ், மீதி எனக்கே புரியாது. நீ பேச்சுப் போட்டியில கப்பு வாங்கனவ.”

வாங்கினேன் என்பது உண்மை. அது கட்டுரைப் போட்டிக் கோப்பை என்பதும் உண்மை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது அக்கா குரல் இறங்கியது.

“இல்லன்னா சனிக்கெழம காலையில அப்பா இந்த ரூம்புல மூட்டைய எறக்கிடுவாரு. புது மல்லாட்டை வர ஆரம்பிச்சிட்ச்சி, எடம் இல்லியாம். மேசைய எடுத்துடணும். திங்கக்கெழமலருந்து பேங்க் பரீட்சைக் கிளாஸு. நானும் சரின்னுட்டேன்டி. வெள்ளிக்கெழம ஒண்ணும் ஆவலன்னா, சரி, போறேன்னுட்டேன்.”

பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. என் அக்கா பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை. அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை.

“சரிக்கா, நான் பேசறேன்” என்றேன்.

மறுநாள் மாலை திண்டிவனம் போனேன். மண்டியின் பின்னறையில், அந்த மேசையின்மேல், கணினித் திரைக்குக் கீழே அது இருந்தது: தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, முகத்தில், பாதியாக வெட்டிய முட்டையைக் கவிழ்த்ததுபோல் ஒரு வெள்ளைக் குமிழ். ஆள் நுழைந்தால் தானாக விளக்கெரியும் மருத்துவமனை நடைகளில் கூரையில் ஒட்டியிருக்குமே, அதே அசைவு உணரிதான். மனித உடம்பின் சூடு அசைவதை அது கண்டுகொள்ளும். கணினியின் முன் ஆள் இருக்கும்வரை திரையை எரியவிடும். ஆள் எழுந்து போய்விட்டால் சிறிது பொறுத்துப் பார்த்து, திரையை அணைத்து, கணினியையும் உறங்கச் சொல்லிவிடும். ஆள் திரும்பி வந்தால் எழுப்பிவிடும்.

கணினிகளுக்குள்ளேயே இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. விசைப்பலகையை யாரும் தொடவில்லை என்றால் அதுவே உறங்கிவிடும். ஆனால் பெரியப்பாவின் கணக்குப்பிள்ளைக்கு அது உறங்குவது பிடிக்காது. அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், கணினி மறுநாள் காலைவரை அவருக்காக விழித்திருக்கும். அதனால் அக்கா இந்தப் பெட்டியை முதலில் வைத்துப் பார்த்தது அவர் கணினியில்தான்.

“மெஷின் கீபோர்டைப் பாத்துக்கினு இருக்குடி. நான் அத மனுஷனப் பாக்க வெச்சிருக்கேன். அவ்ளோதான்” என்றாள் அக்கா, அந்த ‘அவ்ளோதானை’ இரு கைகளாலும் வீசிக் காட்டி. திரை பளிச்சென்று எரிந்தது.

சாதாரணமாக அந்தப் பெட்டி ஐந்து நிமிடம் பொறுக்கும். கண்காட்சியில் நடுவர்களை ஐந்து நிமிடம் வெறுந்திரைக்குக் காத்திருக்க வைக்க முடியாது என்பதால், அக்கா அதன் பொறுமையைப் பதினைந்து நொடியாகக் குறைத்திருந்தாள். பிறகு ஒத்திகை நடந்தது. பெரியம்மாவை முன்னால் நிறுத்தினாள். பெரியம்மா பால்காரர் தண்ணீர் கலப்பதைப் பற்றி இரண்டு கைகளாலும் சொல்லி முடிக்கும்வரை திரை எரிந்தது. அவர் அடுப்பைப் பார்க்க நகர்ந்ததும் மரியாதையாக அணைந்தது. பெரியப்பா தானாகவே வந்து முன்னால் நின்றார்.

“இதெல்லாம் ஒரு பொழப்பா? ஆளு கீறானா இல்லியான்னு பாக்கறதுக்கு ஒரு மெசினு! ஏன், கண்ணு இல்ல?” என்று கேட்டுக் கைகளை விரித்தார். திரை அவருக்காகத் தீபாவளிபோல் எரிந்தது.

“பாத்தியாப்பா, உன்னத் தெரிஞ்சிக்கினு இருக்குது” என்றாள் அக்கா.

“மூட்ட வர்ற வரைக்கும் தெரிஞ்சிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் முறை வந்தது. “வா தேனு, ஒருவாட்டி நின்னு பேசிப் பாரு” என்றாள் அக்கா.

இங்கேதான் நான் என் வாழ்க்கையின் மிக நேர்த்தியான முட்டாள்தனத்தைச் செய்தேன். வீட்டார் முன் மேடைத் தமிழில் பேச எனக்குக் கூச்சம். “உரை மனப்பாடமா இருக்குக்கா, மனசுக்குள்ளயே பாத்துக்கறேன்” என்றேன். சுவரோரமாகப் போய் நின்று, உதடுகூட அசையாமல், முழு உரையையும் எனக்குள் பேசி முடித்தேன். மிக நன்றாக வந்தது.

ஆக, அந்தக் கருவியின் முன் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நின்று பார்த்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளையும் நின்றார். எடை போடுபவரும் நின்றார். நிற்காதவள் ஒருத்திதான், மறுநாள் நிற்கப்போகிறவளும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை காலை பேருந்தில் விழுப்புரம் புறப்பட்டோம். பெரியப்பாவும் உடன் வந்தார். “நான் ஒண்ணும் உங்க கூத்தப் பாக்க வர்ல. விழுப்புரத்துல மல்லாட்டை இன்னா வெல போவுதுன்னு பாத்துக்கினு வர்றேன்” என்று மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொன்னார். கணினிப் பெட்டியை அவர் மடியில் வைத்துக்கொண்டார். திரையைப் பெரியம்மாவின் பூப்போட்ட போர்வையில் சுற்றி அக்கா மார்போடு அணைத்துக்கொண்டாள். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஓர் அம்மாள் எதிர் இருக்கையில் அமர்ந்து, போர்வையைக் கனிவோடு பார்த்தார்.

“எத்தினி மாசம்மா?”

“எட்டு மாசங்க” என்றாள் அக்கா. (அந்தக் கருவியைச் செய்யத் தொடங்கி எட்டு மாதம்தான். பொய் இல்லை.)

“மூஞ்சிய இப்பிடிப் போத்தாதம்மா. மூச்சு முட்டும்.”

அக்கா உடனே போர்வையின் ஓரத்தைச் சற்று விலக்கிவிட்டாள். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். பிறகு விழுப்புரம் வரும்வரை அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கல்லூரியின் பெரிய கூடத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். முன்வரிசைகளில் பள்ளிப் பிள்ளைகள். ஒருபுறம் மூன்று நடுவர்கள். நடுவில் அமர்ந்திருந்தவர் மூக்குக்கண்ணாடி அணிந்த பேராசிரியை ஒருவர், அவர்தான் குழுவின் தலைவர். ஒருவர் விளக்க வேண்டும், ஒருவர் இயக்க வேண்டும் என்பது விதி. அக்கா மேசைக்குப் பக்கவாட்டில், அந்த வெள்ளைக் குமிழின் பார்வைக்கு எட்டாத இடத்தில் ஒதுங்கி நின்றாள். நான் திரைக்கு முன்னால், அவையைப் பார்த்து நின்றேன். திரை என் முதுகுக்குப் பின்னால் அழகாக எரிந்துகொண்டிருந்தது.

மேடையில் கைகால் ஆட்டிப் பேசுவது பண்பாகாது என்பது என் கொள்கை. கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தலையை நிமிர்த்தி, தூண்போல் நின்று தொடங்கினேன்.

“அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைப்பதைக் கடமையாகக் கொண்ட நாம், ஆளில்லாத மேசையில், யாருடைய வருகையையோ எதிர்பார்ப்பதுபோல், இரவெல்லாம் விழித்திருந்து, மின்சாரத்தை உண்டு, வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும் கணினியை மட்டும், ஏனோ, காலங்காலமாக, கண்டும் காணாதவர்போல்…”

வினைமுற்று வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

நான் முதலில் சந்தேகித்தது என் வாக்கியத்தைத்தான். எங்கே பிழை என்று அதை மனத்துக்குள் முதலிலிருந்து சரிபார்த்தேன். அதற்காக இன்னும் அசையாமல் நின்றேன். சிரிப்பு கூடியது.

தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “ஏம்மா, ஆள் இல்லன்னாதானே அது அணையணும்?”

“ஆமாங்க அம்மா.”

“நீ இருக்கியேம்மா?”

“இருக்கேங்க அம்மா.”

“அது அப்படிச் சொல்லலியே.”

திரும்பிப் பார்த்தேன். திரை கருகருவென்று இருந்தது. நான் திரும்பிய அசைவில் அது விழித்துக்கொண்டு, ‘அட, இங்கே ஒரு பெண்!’ என்பதுபோல் பளிச்சிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். இதுவும் விளக்கத்தின் ஒரு பகுதி என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். நான் மீண்டும் அவையை நோக்கி நின்று, விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தைத் தொடர்ந்தேன். அது மீண்டும் அணைந்தது.

“கைய ஆட்டு! தேனு, கைய ஆட்டுடி!” என்று பக்கத்திலிருந்து அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் கீழ்ப்படிந்தேன். வலக்கையைத் தூக்கி, தேர்தலில் நிற்பவர் ஜீப்பிலிருந்து ஆட்டுவதுபோல், நடுவர்களை நோக்கி மெல்ல ஆட்டினேன். நடுவர்களில் ஒருவர் பழக்கதோஷத்தில் பதிலுக்குக் கைகூப்பிவிட்டார். திரை எரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கருவி பழுதாகவில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அதன் அளவில் நான் இல்லை. வருகைப் பதிவேட்டுப் பேராசிரியரும் நூலக ஊழியரும் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை, இப்போது ஒரு பெட்டி, கூடம் நிறைந்த மக்கள் முன்னிலையில் அறிவியல் முறைப்படி உறுதிசெய்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லை, அசைந்தே பேசுவது என்று முடிவெடுத்தேன். ஆனால் என் வாக்கியங்கள் எல்லாமே அந்தக் கருவியின் பொறுமையைவிட நீளமானவை. எனவே கால்புள்ளிதோறும் ஒரு கையைத் தூக்குவது, அரைப்புள்ளி வந்தால் ஒரு கால் எடுத்து வைப்பது என்று எனக்குள் ஒரு விதி வகுத்துக்கொண்டேன். என் உரையில் நிறுத்தக்குறிகளுக்குப் பஞ்சமில்லை. பின்வரிசையிலிருந்து பார்த்தவர்களுக்கு, செந்தமிழில் பேசிக்கொண்டே ஒரு பெண் வயலில் குருவி விரட்டுவதுபோல் தெரிந்ததாம்.

இதற்குள் பிள்ளைகள் பதினைந்து நொடிக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் ஓய்ந்த கணமே முன்வரிசை சேர்ந்து எண்ணத் தொடங்கியது. “அஞ்சு! நாலு! மூணு! ரெண்டு!” நான் பதறி இரண்டு கைகளையும் வீசுவேன். திரை பிழைத்துக்கொள்ளும். “ஓ!” என்று கூடம் அதிரும். மூன்றாவது முறை வீசியபோது, என் தலைக்குள்ளிருந்து உரை முழுவதுமாக வெளியேறிவிட்டது. ஒரு சொல்கூட மிச்சமில்லை. நான் நின்றேன். பிள்ளைகள் எண்ணி முடித்தார்கள். திரை அணைந்தது. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

அக்காவைப் பார்த்தேன். அவள் கைகள் காற்றிலிருந்து இறங்கிவிட்டிருந்தன. அவள் நடுவர்களைப் பார்க்கவில்லை, போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வகுப்புக்கு அவள் மனத்தளவில் கிளம்பிவிட்டாள் என்று தெரிந்தது.

“ஒரு நிமிசங்க!”

கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது. மல்லாட்டை விலை பார்க்கப் போன பெரியப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். (போகவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.) வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். என்னைத் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்திவிட்டு, திரைக்கு முன்னால் நின்றார். திரை குதித்துக்கொண்டு எழுந்தது.

“அம்மா, நான் இந்தப் பொண்ணு ரேவதியோட அப்பாங்க. திண்டிவனத்துல மல்லாட்டை யாவாரம். என் கடையில ஒரு கம்ப்யூட்டரு கீதுங்க. கணக்குப்புள்ள வூட்டுக்குப் போயிட்டாலும் அது பாட்டுக்கு எரிஞ்சிக்கினு கெடக்கும். யாருக்கு எரியுது? பல்லிக்கு! கேட்டா ‘நான் அணைச்சனே’ன்னுவாரு. ஒரே பேஜாருங்க. இப்ப இந்தப் பொட்டி வெச்சப்புறம், அவரு எழுந்தா அது படுத்துக்குது, அவரு வந்தா அது எழுந்துக்குது. என் கடையிலயே சொன்ன பேச்சு கேக்கறது இது ஒண்ணுதாங்க!”

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கை. படுத்ததையும் எழுந்ததையும் உடம்போடு செய்து காட்டினார். திரை இமைக்கவே இல்லை. கூடம் கைதட்டியது. அக்கா வாயைப் பிளந்து நின்றாள். எட்டு மாதமாக ‘இதெல்லாம் ஒரு பொழப்பா’ என்று கேட்டவர், ஒன்றுவிடாமல் கவனித்திருக்கிறார்.

“அதெல்லாம் சரிங்க” என்றார் தலைவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ஆனா இந்தப் பொண்ணு நின்னா அணைஞ்சுடுதே? எங்க லேப்ல அசையாம உட்கார்ந்து படிக்கிற பிள்ளைங்க இருக்காங்களே?”

“இருக்காங்களா மேடம்?” என்றார் பக்கத்து நடுவர், உண்மையான ஐயத்தோடு.

“அது மெசினு மேல தப்பில்லங்க” என்றார் பெரியப்பா. “இவ பொறந்ததுலருந்தே இப்பிடித்தான். தொட்டில்ல போட்டா அசையவே மாட்டா. நாங்கதான் அப்பப்ப மூக்குகிட்ட வெரல வெச்சுப் பாப்போம், மூச்சு வருதான்னு.”

இருநூறு பேர் என் மூக்கைப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று காத்திருந்தேன். (அசையாமல்தான்.)

ஆனால் தலைவர் சிரிக்கவில்லை. பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே சொன்னார்: “அப்ப உங்க மெஷினும் அதைத்தான் செய்யணும். கையைப் பாக்கக் கூடாது. மூச்சு வருதான்னு பாக்கணும்.”

அக்காவின் கையிலிருந்து போர்வை விழுந்தது.

“மேடம், இருக்குங்க! அதுக்கு சென்சார் இருக்குங்க. ரேடார் மாதிரி. கண்ணுக்குத் தெரியாத அலைய அனுப்பி, மூச்சு வுடறப்ப நெஞ்சு ஏறி எறங்குது இல்ல, அந்தத் துளியூண்டு அசைவக்கூடப் புடிச்சிடும். நான் நெனச்சேதான் பாக்கல மேடம். எங்க வூட்ல யாரும் சும்மாவே இருக்க மாட்டாங்க, அதனால…” அவள் கைகள் திரும்பி வந்துவிட்டன. காற்றில் அலை வரைந்தாள், நெஞ்சு வரைந்தாள், என் பக்கம் கையைக் காட்டி மூச்சு வரைந்தாள். பாதி ஆங்கிலம். எல்லாருக்கும் புரிந்தது.

பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. அது தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் பாட்டுப் பாடும் கருவிக்குப் போனது. ஆனால் மாலையில் தலைவர் எங்கள் மேசைக்கு வந்தார். புதிய உணரியைப் பொருத்திக் கொண்டுவந்தால், தங்கள் ஆய்வகத்தில் மூன்று மாதம் வைத்துப் பார்க்கலாம் என்றார்.

“ஒரே நிபந்தனை” என்று என்னைச் சுட்டிக்காட்டினார். “இந்தப் பொண்ணு முன்னால உட்கார்ந்து, ஒரு முழுப் பாடத்தையும் தன் போக்குல படிச்சு முடிக்கணும். அதுவரைக்கும் திரை அணையக் கூடாது. இவ தேறினா எல்லாரும் தேறின மாதிரி.”

என் படிப்பைப் பற்றி அதுவரை யாரும் சொன்னதிலேயே உயர்ந்த பாராட்டு அதுதான் என்று இன்றும் கருதுகிறேன்.

திரும்பும் பேருந்தில் பெரியப்பா சன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். மயிலம் பக்கம் தாண்டியதும் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “மூட்டைய நடையில அடுக்கிக்கலாம். ரெண்டு மாசம் தாண்டிக் குதிச்சிப் போனா இன்னா ஆவுது?”

“அம்மா கத்துவாங்கப்பா” என்றாள் அக்கா.

“கத்தட்டும். கைய வேற ஆட்டுவா. உன் மெசினுக்கு நல்லது.”

“பேங்க் கிளாஸு?”

“பேங்க் இன்னா ஓடியா போயிடப்போவுது?”

அக்கா போர்வைக் குழந்தையின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். திண்டிவனம் வரும்வரை அவள் பேசவில்லை. இந்த மௌனம் எனக்குத் தாங்கும்படியாக இருந்தது.

அந்தக் கண்காட்சியின் விளைவுகள் இன்றும் என்னைத் தொடர்கின்றன. காற்றில்லாத நாளில் பெரியம்மா வாசலைப் பார்த்து, “வேப்ப மரம் தேனு மாதிரி நிக்குது பாரு” என்பார். குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், புகைப்படம் எடுக்கும்முன் யாராவது ஒருவர், “தேனு, கீறியா? கைய ஆட்டு” என்று குரல் கொடுப்பார், நான் கையை ஆட்டிய பிறகுதான் படம் எடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய கருவியின் அமைப்புப் பக்கத்தில் உணர்திறனுக்கு மூன்று படிகள் வைத்திருக்கிறாள் அக்கா: குறைவு, நடுத்தரம், தேன்மொழி. அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் முன்பின் தெரியாத மாணவர்கள், நான் யாரென்று அறியாமலே, தங்கள் திரை அணையாமலிருக்க என்னைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எழுத்தாளராகி அச்சில் பெயரைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இப்படிப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

கண்காட்சிக்கு மறுநாள், சனிக்கிழமை காலை, சொன்னபடி மூட்டைகள் வந்து இறங்கின. நடையெல்லாம் மல்லாட்டை. நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூட்டைகள்மேல் ஏறி இறங்கி, பின்னறைக்குப் போனேன். மேசை இருந்த இடத்திலேயே இருந்தது. பாடப்புத்தகத்தை விரித்துப் பழைய கருவியின் முன் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரத்தில் அது என்னைக் கைவிடுகிறது என்று கணக்கெடுக்க வேண்டும், மூச்சைத் தவிர வேறெதையும் விடாதே என்று அக்காவின் உத்தரவு. பின்னால் அவளும் பெரியப்பாவும் எந்தப் பக்கம் அலை அனுப்புவது என்று கைவீசித் தகராறு செய்துகொண்டிருந்தார்கள். நான் வாசித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் திரை அணைந்தது.

கருப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. யாரும் சொல்லாமலே, அதைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.